ஐந்தாவது வாளி

கட்டடக் கலைஞர்கள் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே ஆட்கள்தான். வீடு கட்டி முடிந்ததும், ஆட்கள் குடிவருவதற்கு முன்பே, அவசர அவசரமாகப் படம் எடுத்துவிடுவோம். ஏனென்றால் மனிதர்கள் உள்ளே வந்துவிட்டால் கொடியில் துவாய் தொங்கும், சுவரில் கலண்டர் ஏறும், வாசலில் பத்துச் சோடி செருப்புக் கிடக்கும். நாங்கள் தாளில் கீறிய வீடு அதோடு காணாமல் போய்விடும். வீட்டைக் கெடுப்பது குடியிருப்பவர்கள்தான் என்று மனதார நம்பிய காலம் ஒன்று எனக்கு இருந்தது. (வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது மண்டையில் குட்டியிருப்பார்கள், நானும் திருந்தியிருப்பேன்.)

என் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள் வரும். நாட்டின் கட்டடக் கலைஞர் சங்கம் தந்தவை. பெயர்ப்பலகையில், கடிதத்தாளில், தங்கையின் கல்யாண அழைப்பிதழில்கூட (கேட்டு வாங்கிப் போட்டது) அவற்றைப் போட்டுக்கொண்டவள் நான். ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று இதுவரை எங்கும் எழுதியதில்லை.

சங்கம் கொழும்பில் இருக்கிறது. பட்டம் எடுத்துவிட்டோம் என்பதற்காக அது எங்களைச் சேர்த்துக்கொள்ளாது. ஒரு மூத்தவரின் கீழ் வருடக்கணக்கில் வேலை பழக வேண்டும், பழகியதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். கடைசியாக, சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, நாங்கள் சொந்தமாகக் கீறிக் கட்டிய ஒரு கட்டடத்தை நேரில் பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால்தான் முழு அங்கத்துவம். அது இருந்தால்தான் என் பெயரில் ஓர் அலுவலகம் திறக்கலாம். இல்லாவிட்டால் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த முதலாளியின் அலுவலகத்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கப்பல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்கு மலசலகூடம் கீற வேண்டியதுதான். ஆறு வருடம் கீறினேன். கிழக்கு மாகாணத்தில் என் கைபடாத மலசலகூடம் குறைவு. பரீட்சையிலும் முதல் தடவை குப்புற விழுந்தேன். இரண்டாவது தடவை எப்படியோ தப்பி, நேரில் பார்க்க வரும் கட்டம் வரை வந்துவிட்டேன்.

நான் தனியாகக் கீறிய வீடு அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிண்ணியாவில், பாலம் கடந்து கொஞ்சத் தூரத்தில். ரிஃபாயா ராத்தாவின் வீடு. (ராத்தா என்றால் அக்கா. அவர் எனக்குச் சொந்தமில்லை, என் கல்யாணச் சட்டையைத் தைத்தவர்.) அவருடைய கணவர் நசார் நானா (நானா என்றால் அண்ணன்) சின்ன லொறி ஒன்றில் மீன் ஏற்றி விற்பவர். வீடு கட்டப் போகிறோம் என்று ராத்தா சொன்னதும், நானே கீறித் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

அவர்கள் கேட்டது மூன்றே விஷயம். நல்ல அகலமான தாழ்வாரம். மழைத் தண்ணி உள்ளே வராத கூரை. ராத்தா தைப்பதற்கு வெளிச்சமான ஓர் இடம். நான் கொடுத்தது என்னவென்றால், நடுவில் வானம் தெரியும் ஒரு முற்றம், அதைச் சுற்றித் தட்டையான கொங்கிறீட் கூரை, தாழ்வாரமே இல்லாத வெட்டிவிட்ட விளிம்பு. தண்ணீர் ஓடும் பீலியைக்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் கூரைக்குள்ளேயே புதைத்துவிட்டேன். கோடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று. ரிஃபாயா ராத்தா அளவெடுக்காமல் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. நான் அவருடைய வாழ்க்கையை ஒரு அங்குலம்கூட அளக்காமல் வீட்டை வெட்டினேன்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்ததும், வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். கட்டி முடித்து இரண்டு வருடம். உள்ளே காலை வைத்தேன். என் முற்றத்தைக் காணோம். முற்றத்துக்கு மேலும் அதைச் சுற்றியிருந்த தட்டைக் கூரைக்கு மேலுமாக இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். பச்சைத் தகரம். அதன் கீழே தையல் மெசின், துணிக் கட்டுகள், பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மூலையில் சைக்கிள்.

"என்ன ராத்தா இது?" என்றேன். குரல் எனக்கே அழுகிறமாதிரிக் கேட்டது.

"முதல் வருச மழைக்குக் கொஞ்சம் தண்ணி வந்திச்சி மிஸ்," என்றார் ராத்தா, தான் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. "உங்களுக்குச் சொன்னா மனம் நோவும்ண்டு இவர்தான் தகரத்தப் போட்டாரு."

கொஞ்சம் என்ன, எத்தனை வாளி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மண்டைக்குள் அப்போது ஓடியதெல்லாம் வரப்போகும் இரண்டு பேர், தலையாட்டல், பெயர்ப்பலகை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ராத்தா, ஒரே ஒரு நாளைக்கு இந்தத் தகரத்தைக் கழட்டேலுமோ? சங்கத்து ஆக்கள் பார்த்திட்டுப் போனவுடனே திரும்பப் போடலாம். நான் நிண்டு போடுவிச்சுத் தாறன்."

ராத்தா மேலே பார்த்தார். "மழ வந்தா?"

"ஆவணியில மழையோ? ஐப்பசி வரைக்கும் ஒரு துளி விழாது ராத்தா. நானும் இந்த ஊர்தானே."

நசார் நானா சிரித்தார். "பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வாற மாதிரித்தானே மிஸ். கழட்டினாப் போச்சு. நீங்க பாஸ் பண்ணோணும், அவ்வளவுதான்."

அந்த மனிதர் தொழிலுக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்கத் தம்பியுடன் கூரையில் ஏறி நின்று தகரத்தைக் கழட்டினார். குழாய்களைப் பிடுங்கினார். தூண்களில் ஆணி ஓட்டைகள் தெரிந்தன. சுண்ணாம்பு பூசினால் அதற்குள் காயாது என்று நான் பற்பசை கொண்டுவந்து ஒவ்வொரு ஓட்டையிலும் அடைத்தேன். வெள்ளைச் சுவருக்கு வெள்ளைப் பற்பசை. ஒரு மீற்றர் தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. (கிட்டப் போனால் பல் தீட்டிய வாசம் வரும்.) ஐந்து வருடப் பல்கலைக்கழகப் படிப்பு.

பிளாஸ்டிக் கதிரைகளைப் பின்வளவுக்கு அனுப்பினேன். அவற்றுக்குப் பதிலாக அம்மாவின் பிரம்புக் கதிரைகள் நான்கை நசார் நானாவின் லொறியில் ஏற்றுவதாக ஏற்பாடு.

"என்ர கதிரைய மீன் லொறியில ஏத்தப் போறியோடி?" என்று அம்மா வாசலில் நின்று கத்தினார்.

"கழுவின லொறி அம்மா!"

"கழுவினாலும் அது மீன் லொறிதான்!"

கதிரைகள் போய் இறங்கின. ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். ஊதுபத்தி வாசத்தோடு சூரை மீன் வாசமும் சேர்ந்து வந்தது. அவ்வளவுதான்.

சங்கத்தார் பின்னேரம் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. நான் காலையிலேயே போய்விட்டேன். கலண்டர், செருப்பு, கொடி, சைக்கிள் எல்லாவற்றையும் ஒளித்தேன். பிள்ளைகளை ராத்தாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். படுக்கை அறையில் கட்டிலின் மேல் பெரிய பிரம்புக் கூடை ஒன்று, துணியால் மூடி வைத்திருந்தது. படுக்கை அறையையும் அவர்கள் பார்ப்பார்களே. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் மூலையில் வைத்து, அதற்கு முன்னால் திரையை இழுத்துவிட்டேன்.

ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மிஸ், அதக் கட்டில்லயே வெச்சிருந்தா நல்லம். பக்கத்து வீட்டுப் புள்ளயிட கலியாண உடுப்பு. ஞாயிற்றுக்கிழம கலியாணம்."

"ஒண்டும் ஆகாது ராத்தா. ரெண்டு மணித்தியாலம்தானே," என்றேன். அன்று எத்தனை தடவை அந்த "தானே"யைச் சொன்னேன் என்று கணக்கில்லை.

வந்தவர்களில் ஒருவர் குழுத் தலைவர். கொழும்பில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டியவர், வெள்ளைச் சட்டை, மெதுவான ஆங்கிலம். மற்றவர் குறிப்பெடுக்கும் பெண்மணி, அதிகம் பேசாதவர். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. ராத்தாவுக்கும் நானாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பு என் வேலை.

தலைவருக்கு முற்றம் பிடித்துவிட்டது. வானத்தைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார் (ஒரு மீற்றர் தள்ளி நின்றுதான், நல்ல காலம்). பிறகு குனிந்து, முற்றத்தைச் சுற்றியிருந்த சிவப்புச் சீமெந்துத் தரையைப் பார்த்தார். அங்கே வெளிறிய வட்டங்கள் இருந்தன. ஒரே அளவான வட்டங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கு.

"இது நல்ல யோசனை. இந்த வட்டங்களை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் அந்த வட்டங்களை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே? துறைமுகத்தில் மழைத்துளி விழும்போது விரியும் அலைவட்டங்கள் என்று தொடங்கினேன். நீரோடு வாழும் மக்கள் என்றேன். வீட்டுத் தரையில் கடலின் நினைவு என்றேன். பெண்மணி எல்லாவற்றையும் எழுதினார். நானே மயங்கிப் போனேன். ராத்தா தேத்தண்ணித் தட்டோடு வந்து, நான் தரையைக் காட்டிக் கையை விரித்து விரித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் ஒரு குழப்பம். நல்ல காலம் ஆங்கிலம் தெரியாது.

எல்லோரும் பிரம்புக் கதிரைகளில் உட்கார்ந்தோம். தலைவர் மூக்கைச் சுளித்தார். சுற்றிப் பார்த்தார். கதிரையின் கைப்பிடியை மெல்ல முகர்ந்தார். பிறகு நாகரிகமான மனிதராகத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் இருண்டது. ஆவணி வெயில் அப்படியே அணைந்துபோனது. என் தொலைபேசியில் காலநிலை பார்த்திருந்தேன், அதில் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. குடாக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. அதன் பின்னால் மழை. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டு கொட்டென்று கொட்டியது.

முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. முற்றத்தில் மழை விழ, தலைவர் ரசித்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கூரையிலிருந்து ஒரு துளி அவருடைய கோப்பைக்குள் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் கோப்பையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். துளி அவருடைய முழங்காலில் விழுந்தது.

ராத்தா குசினியிலிருந்து வாளிகளோடு வந்தார். அவருக்குப் பதற்றமே இல்லை. மேலே பார்க்கவும் இல்லை. ஒரு வாளியை ஒரு வட்டத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டாவது வாளி இரண்டாவது வட்டத்தில். மூன்றாவது. நான்காவது. தலைவரின் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கையால் காட்டி அதையும் வைத்தார். முதல் வருட மழைக்காலம் முழுக்க, மூன்று மாதம், அந்த வாளிகள் அந்தந்த இடத்திலேயே இருந்து தரையை வெளிற வைத்திருக்கின்றன. "கொஞ்சம் தண்ணி" என்று ராத்தா சொன்னது அதைத்தான்.

தலைவர் வாளியைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அலைகள்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெண்மணி எழுதியதைக் கோடிட்டு அடித்தார்.

அந்த நேரத்தில் நிலம் பிளந்து என்னை உள்ளே இழுத்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அது இல்லை நான் சொல்ல வந்தது. ராத்தாவின் கையில் இன்னும் ஒரு வாளி இருந்தது. ஐந்தாவது. அவர் திரை தொங்கிய மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரையை விலக்கப் போகிறார், ஒளித்து வைத்த கூடையெல்லாம் வெளியே வரப் போகிறது, இருந்த கொஞ்ச மானமும் போகப் போகிறது என்று நினைத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணாலும் கெஞ்சினேன். ராத்தா அப்படியே நின்றார். அவர்கள் இருந்த நேரம் முழுக்க, அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.

அதற்குள் தூண்களில் பற்பசை கரைந்து வெள்ளைக் கோடு கோடாக வழியத் தொடங்கிவிட்டது. ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. தலைவர் எழுந்து கிட்டப் போய் விரலால் தொட்டு முகர்ந்தார். (அன்று அவர் முகர்ந்து பார்க்காத பொருள் அந்த வீட்டில் இல்லை.) பிறகு நேராக ராத்தாவிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். என்னைப் பார்த்து, மொழிபெயருங்கள் என்றார்.

"இங்கே ஒரு கூரை இருந்திருக்கிறது. அதைக் கழற்றச் சொன்னது யார்?"

தமிழில் சொன்னேன். ராத்தா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நாங்கதான் கழட்டினோம் சேர். பழசாப் போச்சு, புதுசு போடத்தான். மிஸ் வேணாம்ண்டுதான் சொன்னா. மழைக்கு முதல்ல போட்டுருங்கண்டு எத்தின தரம் சொன்னா. நாங்கதான் கேக்கல்ல."

தலைவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வசனம் போதும். அந்த வசனம் ஆங்கிலத்தில் எனக்குத் தெரியும். ஆனால் நான் ராத்தா சொன்னதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். என் வாயாலேயே என்னை நல்லவளாக்கினேன். மொழிபெயர்ப்பில் அவ்வளவு நேர்மையாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

தலைவர் தலையை ஆட்டினார். பீலியைத் திருத்த வேண்டும் என்றார். மழை விட்டதும் போய்விட்டார்கள்.

கார் வளைவில் மறைந்த பிறகுதான் ராத்தா திரையை விலக்கினார். கூடைக்குள் எல்லாம் ஊறிப்போயிருந்தது. கல்யாண உடுப்பு சந்தனநிறப் பட்டு, அதற்கான கரும்சிவப்புக் கரைத்துணி அதன் மேலேயே மடித்து வைத்திருந்தது. சிவப்புக் கரைந்து பட்டு முழுக்க இறங்கியிருந்தது. ஒவ்வொரு மணியாகக் கையால் கோத்துத் தைத்த வேலை. கூடையைத் தூக்கினால், கீழே தரையில் ஐந்தாவது வட்டம்.

"ராத்தா..." என்றேன்.

"அழாதீங்க மிஸ்," என்றார் அவர். அவருடைய கை துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. சிவப்புத் தண்ணீர் விரல்களுக்கிடையால் ஒழுகியது. "காஞ்சாத் தெரியாது."

காய்ந்தும் தெரிந்தது. நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று எழும்பினேன். ராத்தா கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க போய்ச் சொன்னா அது ஊர் முழுக்கக் கதயாப் போகும். அந்தக் கதை உங்கட சங்கத்துக்கும் போகும். சும்மா இரிங்க." நான் சும்மா இருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது. அவர் சொன்னதற்காக மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

ராத்தா மணப்பெண்ணின் தாயிடம், தன் கவனக்குறைவுதான், தானே ஈரத்தில் வைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை யாரோ சொந்தக்காரியின் பழைய உடுப்பை உடுத்துக் கல்யாணம் முடித்தது. ராத்தாவுக்கு அழைப்பு இல்லை. பக்கத்து வீட்டுத் தாய் ஒரு வருடத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. அந்த வருடம் கிண்ணியாவில் எத்தனையோ கல்யாணம், ஒரு மணப்பெண்ணின் உடுப்பும் ராத்தாவின் மெசினுக்கு வரவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அங்கத்துவம் கிடைத்துவிட்டது. என்னுடைய ஒரு குணத்தைக் குழு விசேடமாகப் பாராட்டியிருந்தது. வீட்டுக்காரரின் தேவைக்கு மதிப்புக் கொடுக்கும் குணமாம். கடிதத்தைக் கொண்டு ராத்தாவிடம் ஓடினேன், காட்டவா, மன்னிப்புக் கேட்கவா என்று எனக்கே தெரியாமல். அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். "பாஸா மிஸ்! அல்ஹம்துலில்லாஹ்!" என்று நானாவைக் கூப்பிட்டுச் சீனிப் பணியாரம் எடுத்து வைத்தார். நான் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஐப்பசி மழைக்கு முன் அந்தத் தட்டைக் கூரைக்கு மேல் ஓட்டுக்கூரை போட்டு, அகலமான தாழ்வாரம் இறக்கி, பீலியை எல்லோரும் பார்க்கும்படி வெளியே தொங்கவிட்டேன். கோடு போய்விட்டது. வீடு நனையவில்லை. இப்போது சங்கம் என்னையே கிழக்கில் புதியவர்களின் வீடுகளைப் பார்க்க அனுப்புகிறது. நான் போனதும் முதலில் தூண்களை முகர்ந்து பார்க்கிறேன் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

எங்கள் வீட்டில் இது பகிடியாகிவிட்டது. விருந்தாளி வருகிறார்கள் என்று நான் ஒரு பொருளை அலுமாரிக்குள் ஒளிக்கத் தொடங்கினால் போதும், என் கணவர், "ஏன், சங்கத்தார் வருகினமோ?" என்பார். அம்மா தன்னுடைய பிரம்புக் கதிரைகளில் யாரையும் உட்கார வைக்குமுன், "ஒருக்கா மணந்து பாத்திட்டு இருங்கோ," என்பார்.

கிண்ணியாவில் இன்னும் மோசம். ராத்தாவின் வீட்டுக்கு எப்போது போனாலும், வந்திருப்பவர்களை உட்கார வைத்து அவர் இந்தக் கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். நான் கையை விரித்து அலை காட்டியதை அப்படியே செய்து காட்டுவார். நசார் நானா தலைவராகி மூக்கைச் சுளிப்பார். பற்பசை, கதிரை, கோப்பைக்குள் விழுந்த துளி, எல்லாம் வரும். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கடைசியில் வாளி வைப்பதைக் காட்டுவார். ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு என்று தரையில் குனிந்து குனிந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவ்வளவுதான் கதை," என்று எழும்பிவிடுவார்.